தொட்டி மீனுக்கும் பத்தியம் உண்டு

(தொலைக்காட்சி அரங்கில் ஆற்றப்பட்ட உரையின் எழுத்து வடிவம்)



ஒரு வீட்டை மனத்தில் நினைத்துப் பாருங்கள். வரவேற்பறையில் நான்கு அடி நீளக் கண்ணாடித் தொட்டி. அதில் நெற்றி புடைத்த, சிவப்பு மின்னும் ஒரு லுவோஹான் மீன். காலையில் வேலைக்குக் கிளம்பும் அப்பா ஒரு பிடி தீவனம் போடுகிறார். பத்து மணிக்குப் பாட்டி, "பாவம், வாயைத் திறந்து திறந்து கேட்கிறதே" என்று இன்னொரு பிடி போடுகிறார். பள்ளி விட்டு வந்த பேரன் தன் பங்குக்குக் கொஞ்சம். இரவில் அம்மா, இன்று யாரும் கவனித்திருக்க மாட்டார்கள் என்று நினைத்து மேலும் ஒரு பிடி. சில மாதங்கள் கழித்து மீனின் வயிறு வீங்குகிறது. ஒருநாள் காலையில் அது பக்கவாட்டில் மிதக்கிறது. வீட்டில் எல்லாரும் சொல்வது ஒன்றுதான்: "நன்றாகத்தானே சாப்பிட்டுக்கொண்டிருந்தது!"

நன்றாகச் சாப்பிட்டதுதான் வினையாகிவிட்டது. பசியால் சாகும் தொட்டி மீன்கள் குறைவு. பாசத்தால் சாகும் மீன்களே அதிகம்.

மலேசியாவிலும் சிங்கப்பூரிலும் வண்ண மீன் வளர்ப்பது பலருக்குப் பொழுதுபோக்கு, சிலருக்குத் தொழில். பினாங்கின் டிஸ்கஸ் மீன் பண்ணைகள் உலகமெங்கும் பெயர் பெற்றவை. லுவோஹான் என்றும் புளோர்ஹார்ன் என்றும் அழைக்கப்படும் கலப்பின மீன் 1990களின் பிற்பகுதியில் மலேசியாவில்தான் பிறந்தது. ஆஸ்கார், ஏஞ்சல், பேரட், ஆப்பிரிக்க ஏரி மீன்கள் என்று கடைகளில் விற்பனையாகும் பலவும் இவற்றோடு ஒரே குடும்பத்தைச் சேர்ந்தவை. அந்தக் குடும்பத்தின் பெயர் சிக்லிட். சமையலுக்கு வாங்கும் தீலாப்பியாவும் இதே குடும்பம்தான். கேரளத்தில் வாழையிலையில் வைத்துப் பொரிக்கும் கரிமீனும் இதன் உறவுதான். அந்தக் கரிமீனைக் கேரள அரசு 2010ஆம் ஆண்டில் மாநில மீனாக அறிவித்தது.

ஒரே குடும்பம் என்பதால் ஒரே உணவு போதும் என்று பலர் நினைக்கிறார்கள். தவறு தொடங்குவது அங்கேதான்.

இரண்டு தாடை கொண்ட குடும்பம்

சிக்லிட் குடும்பத்தில் இதுவரை பெயரிடப்பட்ட இனங்கள் மட்டும் 1,700க்கு மேல். இவை இத்தனை வகையாகப் பெருகியதற்கு ஒரு முக்கியக் காரணம், இவற்றின் தொண்டைக்குள் இருக்கும் இரண்டாவது தாடை. வாயில் உள்ள தாடை உணவைப் பிடிக்கிறது. தொண்டையில் உள்ள தாடை அதை அரைக்கிறது. பிடிக்கும் வேலை தனி, அரைக்கும் வேலை தனி என்று பிரிந்துவிட்டதால், ஒவ்வோர் இனமும் ஒவ்வோர் உணவுக்கு ஏற்பத் தன் வாயை மாற்றிக்கொள்ள முடிந்தது.

பாறையில் படர்ந்த பாசியைச் சுரண்டும் சிக்லிட் உண்டு. நத்தையின் ஓட்டை நொறுக்கும் சிக்லிட் உண்டு. மற்ற மீன்களின் செதிள்களைப் பிய்த்துத் தின்னும் சிக்லிட் கூட உண்டு. ஆப்பிரிக்காவின் தாங்கனிக்கா ஏரியில் வாழும் அந்தச் செதிள் தின்னிகளில் சிலவற்றுக்கு வாய் இடப்பக்கம் கோணியிருக்கும், சிலவற்றுக்கு வலப்பக்கம். ஒன்று இரையின் வலப்புறத்தைத் தாக்கும், மற்றது இடப்புறத்தைத் தாக்கும். இதை ஜப்பானிய ஆய்வாளர் மிச்சியோ ஹோரி 1993இல் விளக்கி எழுதினார்.

உணவு மீனின் உடம்பையே மாற்றும் என்பதற்கும் சான்று உண்டு. விக்டோரியா ஏரிப் பகுதியில் நத்தை தின்னும் ஒரு சிக்லிட் இனத்துக்குத் தொண்டைத் தாடை தடித்து, பற்கள் அம்மிக்கல் போல் அகன்றிருக்கும். அதே இனத்தின் குஞ்சுகளைத் தொட்டியில் மென்மையான உணவு கொடுத்து வளர்த்தபோது, அந்தத் தாடை மெலிந்தே வளர்ந்தது. ஹம்ஃப்ரி கிரீன்வுட் என்ற மீனியல் அறிஞர் 1965இல் இதை வெளியிட்டார். தொட்டியில் தினமும் என்ன விழுகிறதோ, அதுவே அந்த மீனின் எலும்பாகவும் ஆகிறது என்பதே இதன் பொருள்.

மூன்று வயிறு, மூன்று சமையல்

சரிவிகித உணவு என்றால் எல்லாவற்றிலும் சமமாகக் கொடுப்பது என்று பொருளல்ல. அந்த உயிரின் குடலுக்கு எது விகிதமோ அதுவே சரிவிகிதம். கடைகளில் அதிகம் விற்கும் மூன்று வகை மீன்களை எடுத்துப் பார்க்கலாம்.

முதலாவது, மலாவி ஏரியின் பாறை மீன்கள். நீலமும் மஞ்சளுமாகத் துள்ளும் இவற்றை அந்த ஏரிக்கரை மக்கள் 'புனா' என்று அழைக்கிறார்கள். இவற்றில் பெரும்பாலானவை நாள் முழுவதும் பாறையில் படர்ந்த பாசியைச் சுரண்டி வாழ்பவை. அந்தப் பாசிக்குள் ஒளிந்திருக்கும் நுண்ணுயிர்களும் கூடவே வயிற்றுக்குள் போகும். சத்துக் குறைந்த, நார் மிகுந்த உணவு அது. அதைச் செரிப்பதற்காகக் குடல் உடல் நீளத்தைப் போல் பல மடங்கு நீண்டு சுருண்டு கிடக்கிறது. தாங்கனிக்கா ஏரியின் டிரோபியஸ் மீனுக்கும் இதே அமைப்புதான். இந்த நீண்ட குடலுக்குள் தினமும் ரத்தப்புழுவையும் இறைச்சியையும் திணித்தால் என்ன ஆகும்? மீன் உணவை மறுக்கும். வயிறு உப்பும். வெள்ளை நூல் போல் கழிவு தொங்கும். மீன் வளர்ப்போர் இதை 'மலாவி வீக்கம்' என்கிறார்கள். அழுக்கு நீரும் நெரிசலும் சச்சரவும் இந்த நோய்க்குத் துணைபோகின்றன என்றாலும், பொருந்தாத உணவு முன்வரிசைக் காரணங்களில் ஒன்று. வீக்கம் வெளியே தெரிந்த பிறகு காப்பாற்றுவது கடினம்.

இங்கே ஒரு விதிவிலக்கும் உண்டு. அதே மலாவி ஏரியிலிருந்து வரும் மஞ்சள் நிற லாபிடோக்ரோமிஸ், பாசியைவிடப் பூச்சிகளையே அதிகம் தேடித் தின்னும். ஆகவே "ஆப்பிரிக்க மீன்" என்று பொதுவாகச் சொல்லி வாங்காமல், மீனின் இனப்பெயரைக் கேட்டு எழுதி வாங்கிக்கொள்வது நல்லது.

இரண்டாவது, ஆஸ்கார். அமேசான் ஆற்றுப் படுகையிலிருந்து வந்தது. 30 செண்டிமீட்டருக்கு மேலும் வளரக்கூடியது. பூச்சி, நண்டு வகை, நத்தை, சிறு மீன் எல்லாவற்றையும் விழுங்கும். இதற்குப் புரதம் மிகுந்த உணவு தேவை. அதற்காகத் தினமும் பொன்மீன் குஞ்சுகளை உயிரோடு போடுவது ஒரு வாடிக்கையாகிவிட்டது. அதில் மூன்று ஆபத்துகள் உண்டு. மலிவாக விற்கும் அந்தக் குஞ்சுகளோடு ஒட்டுண்ணியும் நோயும் வரும். அவற்றின் உடலில் உள்ள தயாமினேஸ் என்ற நொதி, பி1 வைட்டமினை அழித்துவிடும். மூன்றாவதாக, ஒரே வகை உணவையே தின்று பழகிய ஆஸ்கார் வேறு எதையும் தொடாது. தலையில் குழிகுழியாகப் புண் விழும் நோய் ஆஸ்கார் மீன்களிடம் அடிக்கடி காணப்படுகிறது. நீரின் தூய்மைக் குறைவோடு சத்துக் குறைவும் அதற்குக் காரணமாகச் சொல்லப்படுகிறது.

மூன்றாவது, டிஸ்கஸ். வட்டத் தட்டு போன்ற இந்த மீனுக்கு மாட்டின் இதயத்தை அரைத்துக் கொடுப்பது உலகெங்கும் பண்ணைக்காரர்களின் வழக்கம். குஞ்சுகள் விரைவில் பருக்கும் என்பது உண்மைதான். ஆனால் இயற்கையில் டிஸ்கஸ் தின்பது பெரும்பாலும் பாசிப் படலம், மட்கிய இலைத் துகள், தாவரப் பொருள், சிறு நீர்ப்பூச்சி ஆகியவையே. அமேசான் காட்டுக்குள் அதற்கு மாடு ஏது? மேலும், மாட்டுக் கொழுப்பு மாட்டின் உடல் சூட்டில் இளகி இருப்பது. 28, 30 டிகிரி நீரில் வாழும் மீனின் உடலில் அது கெட்டிப்படும். கொழுப்பை அறவே நீக்கி, குஞ்சுகளுக்கு மட்டும், அளவாகக் கொடுத்தால் ஒழிய அது நல்லதல்ல. மாட்டிறைச்சி புழங்காத வீடுகள் இதற்காகச் சங்கடப்பட வேண்டியதில்லை. இறாலும் வெள்ளைச் சதை மீனும் அந்த வேலையைச் செம்மையாகச் செய்யும்.

தட்டில் என்ன இருக்க வேண்டும்?

புரதம் உடலைக் கட்டுகிறது. வளரும் குஞ்சுக்கு அதிகமாகவும், முதிர்ந்த மீனுக்குக் குறைவாகவும் அது வேண்டும். ஊன் உண்ணும் மீனின் தீவனத்தில் 40 விழுக்காட்டுக்கு மேல் புரதம் இருக்கலாம். பாசி உண்ணும் மீனுக்கு 35 விழுக்காட்டை ஒட்டி இருந்தால் போதும். கொழுப்பு மீனெண்ணெய், இறால் போன்றவற்றிலிருந்து வரவேண்டும். மாவுச்சத்தை மீன்கள் சரியாகப் பயன்படுத்திக்கொள்வதில்லை. ஆகவே ரொட்டித் துண்டு, பிஸ்கட், சோறு ஆகியவை தொட்டிக்குள் போகவே கூடாது.

வைட்டமின் சி சத்தை மீன்கள் தம் உடலில் தாமே உண்டாக்கிக்கொள்ள முடியாது. அது குறைந்தால் குஞ்சுகளின் முதுகெலும்பு வளைந்துபோகும். அந்த வைட்டமின் சூட்டாலும் ஈரத்தாலும் காற்றாலும் விரைவில் அழியும். மலிவாகக் கிடைக்கிறதென்று ஒரு கிலோ தீவனம் வாங்கி, தொட்டி விளக்குக்கு மேலேயே வைத்து ஓராண்டு போடுகிறவர்கள் உண்டு. அந்த டப்பாவில் வயிற்றை நிரப்பும் பொருள் இருக்கும், சத்து இருக்காது. சிறிய டப்பாவாக வாங்கி, இறுக மூடி, குளிர்ந்த இடத்தில் வைத்து, திறந்த இரண்டு மூன்று மாதத்தில் முடித்துவிட வேண்டும்.

நிறம் தரும் சத்தும் உணவிலிருந்துதான் வருகிறது. சிவப்பும் ஆரஞ்சும் தரும் நிறமிகளை மீன் தானே தயாரிப்பதில்லை. இறால், கிரில், ஸ்பைருலினா பாசி ஆகியவற்றிலிருந்து அவற்றைப் பெறுகிறது.

தீவனம் வாங்கும்போது டப்பாவின் முன்பக்கப் படத்தைப் பார்க்காமல் பின்பக்கப் பட்டியலைப் படியுங்கள். முதலில் எழுதியிருக்கும் பொருளே அதிகம் இருக்கும். ஆஸ்காருக்கும் லுவோஹானுக்கும் முதலிடத்தில் மீன் தூள், கிரில், இறால் இருக்கட்டும். பாறை மீன்களுக்கு ஸ்பைருலினா முன்னே இருக்கட்டும். கோதுமை மாவு முதலிடத்தில் இருந்தால் டப்பாவை இருந்த இடத்திலேயே வைத்துவிடலாம்.

லுவோஹானின் நெற்றி

2000ஆம் ஆண்டுகளின் தொடக்கத்தில் லுவோஹான் மோகம் எப்படி இருந்தது என்பது பலருக்கு நினைவிருக்கும். உடலில் உள்ள கறுப்புப் புள்ளிகளில் சீன எழுத்தைத் தேடினார்கள். நாலு நம்பரைத் தேடினார்கள். ஒரு மீன் ஆயிரக்கணக்கான வெள்ளிக்கு விலைபோனது. நெற்றி எவ்வளவு புடைக்கிறதோ அவ்வளவு அதிர்ஷ்டம் என்று நம்பினார்கள். நெற்றியைப் புடைக்க வைக்கும் தீவனங்களும் சந்தைக்கு வந்தன.

உண்மை என்னவென்றால், நெற்றி மேடு முதலில் பரம்பரையைப் பொறுத்தது. பிறகு ஆணா பெண்ணா என்பதையும், முதிர்ச்சியையும் பொறுத்தது. நல்ல உணவு உள்ளதை வளர்க்கும், இல்லாததைக் கொண்டுவராது. அந்த ஆசையில் திணிக்கப்படும் கொழுப்பு நெற்றிக்குப் போகும் முன்னே ஈரலுக்குப் போய்ச் சேர்கிறது. இன்னொரு தீய பழக்கமும் உண்டு. சின்னஞ்சிறு குஞ்சுகளுக்கு ஹார்மோன் கொடுத்து நிறமேற்றி விற்பது. வீட்டுக்கு வந்த சில வாரங்களில் நிறம் வெளுத்துவிடும். வாங்கியவர் தன் தீவனம் சரியில்லை என்று எண்ணி மேலும் மேலும் கொட்டுவார். மிகச் சிறிய குஞ்சு மிக அழகான நிறத்தோடு இருந்தால் சற்றுச் சந்தேகத்தோடு பார்ப்பது நல்லது.

மோகம் தணிந்தபோது என்ன நடந்தது? தீனி போட்டுக் களைத்தவர்கள் மீன்களைக் குளத்திலும் ஆற்றிலும் விட்டார்கள். நினைத்ததையெல்லாம் தின்னவும் எல்லை பிடித்துச் சண்டையிடவும் பழகிய மீன் அது. உள்ளூர் மீன்களின் இரையையும் இடத்தையும் அது பறித்தது. சிங்கப்பூர் நீர்த்தேக்கங்களில் இப்படி வந்து குடியேறிய சிக்லிட்கள் பல உண்டு. அங்கே நீர்த்தேக்கத்தில் மீனை விடுவது சட்டப்படி குற்றமும் ஆகும். வளர்க்க முடியாவிட்டால் கடைக்கோ வேறு வளர்ப்போருக்கோ கொடுத்துவிடுவதே முறை.

எவ்வளவு, எப்போது?

மனிதனுக்கு எழுதிய 'மருந்து' என்னும் அதிகாரத்தில், முன்பு உண்டது செரித்ததை அறிந்து உண்பவனுக்கு மருந்தே வேண்டாம் என்று வள்ளுவர் சொல்கிறார். தொட்டி மீனுக்கும் அது அப்படியே பொருந்தும். ஒரு வேறுபாடு மட்டும் உண்டு. மனிதன் தானே நிறுத்திக்கொள்ளலாம். மீனால் முடியாது. காட்டில் அடுத்த வேளை உணவு நிச்சயமில்லை; கிடைத்தபோது தின்றுவிட வேண்டும் என்பதே அதன் இயல்பு. சிக்லிட் அறிவுள்ள மீன். கை அசைந்தால் உணவு வரும் என்று சில நாளிலேயே கற்றுக்கொள்கிறது. ஆள் வரும்போது கண்ணாடியில் முட்டுவது பசியின் அடையாளமல்ல, பழக்கத்தின் அடையாளம்.

வளர்ந்த மீனுக்கு நாளுக்கு ஒருமுறை அல்லது இருமுறை, இரண்டு நிமிடத்தில் தின்று முடிக்கும் அளவு. குஞ்சுகளுக்கு நாளுக்கு நான்கைந்து முறை, சிறிது சிறிதாக. பாசி உண்ணும் மீனுக்கு ஒரே வேளையில் கொட்டாமல் அதே அளவைப் பிரித்துக் கொடுக்க வேண்டும். வாரத்தில் ஒரு நாள் வளர்ந்த மீனுக்கு விரதம். வெள்ளிக்கிழமையோ சனிக்கிழமையோ, வீட்டில் யாராவது விரதம் இருக்கும் நாளாகவே அதை வைத்துக்கொண்டால் மறக்காது.

மீதமாகும் உணவு அழுகி அம்மோனியா ஆகிறது. தின்ற புரதமும் மீனின் செவுள் வழியாக அம்மோனியாவாகவே வெளியேறுகிறது. ஆகவே அளவுக்கு மிஞ்சிய உணவு இரண்டு வழியில் நீரை நஞ்சாக்குகிறது. வாரந்தோறும் கால் பங்கு நீரை மாற்றுவதும் உணவு முறையின் ஒரு பகுதிதான்.

வீட்டிலேயே கூட ஓர் உணவு தயாரிக்கலாம். இறால் இரண்டு பங்கு, வெள்ளைச் சதை மீன் ஒரு பங்கு, தோல் நீக்கிய பச்சைப் பட்டாணியும் கீரையும் சேர்ந்து ஒரு பங்கு. எல்லாவற்றையும் லேசாக அவித்து அரையுங்கள். அவிப்பதால் முன்பு சொன்ன தயாமினேஸ் நொதியும் செயலிழக்கும். அகார்-அகார் காய்ச்சி, கை பொறுக்கும் சூட்டுக்கு ஆறியதும் அரைத்ததைக் கலந்து, தட்டில் மெல்லியதாக ஊற்றி, உறைந்ததும் சிறு துண்டுகளாக வெட்டிக் குளிர்பெட்டியின் உறைபகுதியில் வைக்கலாம். பாறை மீன்களுக்கு என்றால் கீரையும் பட்டாணியும் ஸ்பைருலினாவும் மூன்று பங்கு, இறால் ஒரு பங்கு. உப்பு, மஞ்சள், எண்ணெய் எதுவும் வேண்டாம். வாரத்துக்கு இரண்டு வேளை இது போதும். மற்ற வேளைகளுக்குத் தரமான உருண்டைத் தீவனமே அடிப்படை. சாக்கடை நீரில் பிடித்த செம்புழுவைத் தவிர்ப்பது நலம்.

தீபாவளிக்கு ஊருக்குப் போகும்போது அண்டை வீட்டாரிடம் தீவன டப்பாவை அப்படியே கொடுத்துவிட்டுப் போகாதீர்கள். ஒரு நாளைக்கு ஒன்று என்று காகிதத்தில் பொட்டலம் கட்டி வைத்துவிட்டு, டப்பாவைப் பூட்டி வையுங்கள். நலமாக உள்ள வளர்ந்த மீன் ஒரு வாரம் பட்டினி தாங்கும். ஒரு வாரம் அள்ளிக் கொட்டுவதைத்தான் தாங்காது. முதலில் சொன்ன அந்த வீட்டுக்கும் இதே வைத்தியம்தான். நால்வரில் ஒருவர் மட்டும் உணவிட வேண்டும். மற்ற மூவரும் பார்த்து மகிழ வேண்டும். அந்தப் பொறுப்பைப் பேரனிடம் கொடுத்து, சுவரில் ஒரு நாட்காட்டியை மாட்டி அடையாளமிடச் சொன்னால், ஓர் உயிரைப் பேணும் ஒழுங்கு அவனுக்கும் வந்துசேரும்.

பெற்ற மீன் சொல்லும் பாடம்

டிஸ்கஸ் மீனின் இல்லறத்தில் ஓர் அதிசயம் உண்டு. குஞ்சு பொரித்து நீந்தத் தொடங்கியதும் தாயின் உடம்பையும் தந்தையின் உடம்பையும் மொய்த்துக்கொள்கிறது. இருவரின் தோலிலும் சுரக்கும் ஒரு வழவழப்புப் பொருளே அதற்கு முதல் உணவு. அந்தச் சுரப்பில் புரதமும் நோயெதிர்ப்புப் பொருளும் அந்நாட்களில் கூடியிருப்பதை 2010இல் வெளியான ஓர் ஆய்வு காட்டியது. தாய்ப்பாலைப் போன்ற ஊட்டம் அது. தந்தையும் சேர்ந்து ஊட்டுகிறது.

ஏறத்தாழ மூன்றாவது வாரத்தில் பெற்றோர் மாறுகிறார்கள். குஞ்சுகள் துரத்தி வந்தாலும் நழுவி நீந்துகிறார்கள். ஊட்டும் நேரம் குறைகிறது. குஞ்சுகள் வேறு வழியின்றித் தாமே இரை தேடக் கற்றுக்கொள்கின்றன.

ஊட்டத் தெரிந்த அந்த மீனுக்கு நிறுத்தவும் தெரிந்திருக்கிறது. தொட்டிக்கு வெளியே தீவனத்தோடு நிற்கும் கைக்கும் அது தெரிந்துவிட்டால், பல வீடுகளில் மீன்கள் தம் ஆயுள் முழுதும் வாழும்.